மலிவான வெளிநாட்டுத் தேனைத் தேனீக்களுக்கு ஊட்டலாமா?

கேள்வி: அருமனை அருகே ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மழை மாதங்களில் சர்க்கரைப் பாகுக்குப் பதிலாக, மலிவாக வரும் வெளிநாட்டுத் தேனைக் கொடுக்கும்படி ஒரு தரகர் சொல்கிறார். காய்ச்சிக் கொடுத்தால் நோய் வராதாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா, வித்து (ஸ்போர்) வடிவில் தேனுக்குள் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். வீட்டு அடுப்பில் காய்ச்சும் சூட்டிலும் ஆலையில் தேனைப் பதப்படுத்தும் சூட்டிலும் அது சாகாது. அந்தத் தேனை உண்ணும் மனிதருக்கு இந்நோயால் தீங்கில்லை. ஆனால் வேலைக்காரத் தேனீக்கள் அதை இளம்புழுக்களுக்கு ஊட்டினால் அவை அடையின் அறைக்குள்ளேயே செத்து அழுகும்.

தரகர் பரிசோதனைச் சான்றிதழ் ஒன்றை நீட்டுவார். சர்க்கரைக் கலப்படம், மருந்து எச்சம் போன்று உண்பவருக்கு வேண்டியவைதான் அதில் இருக்கும். தேனீயின் நோய்க்கிருமியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டிகள் வரிசையாகக் காலியானதைக் கண்ட பிறகும், தேனை உணவுப் பண்டமாக மட்டுமே பார்க்கும் இந்தப் போக்கு மாறாதது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. அந்த நோய் இறக்குமதித் தேனால் வந்ததென்று நான் சொல்லவில்லை. ஒரு நோய் புகுந்தால் நம் இந்தியத் தேனீக் கூட்டங்கள் எவ்வளவு விரைவில் அழியும் என்பதையே சொல்கிறேன்.

ஊட்டாவிட்டாலும் ஆபத்து உண்டு. தேன் வந்த பழைய கேன்களைத் தரகர்கள் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அவற்றைக் கழுவித் தோட்டத்தில் கவிழ்த்து வைத்தால், விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசுக்கைத் தேடி உங்கள் தேனீக்களும் அண்டைத் தோட்டத்துத் தேனீக்களும் வந்து மொய்க்கும். அத்தகைய கேன்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

விலக்கு ஒன்று உண்டு: உங்கள் சொந்தப் பெட்டியில் எடுத்த தேன். அதுவும் நோயற்ற பெட்டியிலிருந்து நீங்களே எடுத்து, நீங்களே மூடி வைத்ததாக இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் தேன் இதில் சேராது. தேனீ வளர்ப்போர் சங்கத்தில் ஊற்றிவிட்டுத் திரும்ப வாங்கும் தேனும் சேராது, ஏனெனில் அங்கே பலருடைய தேன் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. இந்த நிபந்தனைகள் பொருந்தாவிட்டால், வெள்ளைச் சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்த பாகையே மாலையில் பெட்டிக்குள் வையுங்கள்.

புழு அறையின் மூடி குழிந்து, ஓட்டை விழுந்து, நாற்றம் அடித்தால், தீக்குச்சியை உள்ளே விட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பசை நூல்போல நீண்டு வந்தால், அது இந்த அழுகல் நோயின் அறிகுறி. அந்தப் பெட்டியையோ அடையையோ வேறிடத்துக்கு மாற்றாதீர்கள். கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடியைப் பாகில் கலக்கவும் வேண்டாம். அது நோயை மறைக்குமே தவிர வித்துகளைக் கொல்லாது, தேனிலும் எச்சமாகத் தங்கும். செத்த புழுக்கள் உள்ள அடைத் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகிதத்தில் பொதிந்து, திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.