ஆந்தம் ஆஃப் தி சன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஆந்தம் ஆஃப் தி சன்’ (1968) ஆல்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன், பிரமித்தேன். அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 87ஆவது இடத்தைத் தாண்டவில்லையாமே? புதுமை செய்பவர்களை நிறுவனங்கள் நசுக்குவது அங்கேயும் அப்படித்தானா?

கே., கோவை

அன்புள்ள கே.,

இந்த விஷயத்தில் நிறுவனத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பணம் போட்டது வார்னர் பிரதர்ஸ்தான். முதல் ஆல்பத்தைச் சில நாட்களில் முடித்தவர்கள், இதற்கு மாதக்கணக்கில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்கள். கீபோர்டு வாசித்த டாம் கான்ஸ்டன்டன் பியானோவுக்குள் ஒரு கைரோஸ்கோப்பை, அதாவது பம்பரம்போலச் சுழலும் கருவியை, சுழலவிட்டு அந்த அதிர்வைப் பதிவு செய்தார். கிடாரிஸ்ட் பாப் வியர் ‘கெட்டியான காற்றின்’ ஒலி வேண்டும் என்றார். தயாரிப்பாளர் டேவ் ஹாஸிங்கர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கே ஒலிப்பதிவு செய்தவர், ஆளை விடுங்கள் சாமி என்று போய்விட்டார்.

அப்புறம் குழுவே ஒலிப்பொறியாளர் டான் ஹீலியோடு உட்கார்ந்து, கச்சேரிகளில் பதிவான நாடாக்களையும் ஸ்டுடியோ நாடாக்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்தது. முதல் பாட்டையே கவனியுங்கள். வெவ்வேறு இரவுகளில் வாசித்தது ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. டிரம்ஸ் ஒன்றோடொன்று விலகி, பிறகு ஒட்டிக்கொள்கிறது. மூன்று நிமிடப் பாட்டுகளால் ஓடிக்கொண்டிருந்த வானொலி இதில் எந்த இடத்தை வெட்டி ஒலிபரப்பும்? என்னைக் கேட்டால் 87 என்பதே மரியாதையான இடம்தான்.

அடி விழுந்தது வேறு இடத்தில். அடுத்த ஆல்பத்துக்கும் இதே பாணியில் செலவழித்து, நிறுவனத்திடம் பெருங்கடன்பட்டார்கள். 1970இல் ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’ எளிமையான பாட்டுகளோடு சட்டென்று தயாரானதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம். அது 27ஆவது இடம்வரை போனது. கடன் நல்லது என்று சொல்லவரவில்லை, ஆனால் அந்தப் பாட்டுகள் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இன்னொன்று, இவர்களுக்குச் சோறு போட்டது இசைத்தட்டு அல்ல, மேடை. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ளவும் விட்டார்கள். முதல் பத்துக்குள் ஒரு பாட்டு நுழைந்தது 1987இல்தான். அதுவரை பட்டியலை நம்பியிருந்தால் குழு எப்போதோ கலைந்திருக்கும்.

எல்லாவற்றையும் பாராட்டவும் முடியாது. இந்த ஆல்பத்தின் ‘அலிகேட்டர்’ பாட்டு பாதியிலேயே என்னைக் களைப்பாக்கிவிடும். நீங்கள் கேட்டது 1968இல் வந்த ஒலிக்கலவையா (மிக்ஸ்), பின்னால் குழுவின் பேஸ் கிடாரிஸ்ட் ஃபில் லெஷ் மறுகலவை செய்ததா என்று பாருங்கள். இரண்டுமே கிடைக்கின்றன. பழையதில்தான் அந்த மூட்டம் முழுசாக இருக்கிறது.