வீட்டு ஜிம் கருவி: வாங்குமுன் கேட்ட கேள்விகள்

20 கிலோ பிவிசி டம்பெல் செட் வாங்கலாமா?

தொடங்குவதற்குப் போதும். உள்ளே இருப்பது சிமென்ட் கலவை. தட்டு பருமனாக இருப்பதால் கம்பியில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதற்குமேல் எடை கூட்ட முடியாது. பழைய இரும்புத் தட்டு கிடைத்தால் அதுவே மேல். துளை அளவைக் கேட்டு வாங்குங்கள், 50 மி.மீ. துளைத் தட்டு 28 மி.மீ. கம்பியில் ஆடும்.

வயிற்றில் கட்டும் மின்சார பெல்ட்?

வேண்டாம். இப்படிப்பட்ட மூன்று பெல்ட்களின் விளம்பரங்கள் பொய் என்று அமெரிக்க வணிக ஆணையம் (FTC) 2002-லேயே வழக்குப் போட்டது.

ஐந்து ரப்பர் டியூப் உள்ள செட்டில் ‘150 பவுண்ட்’ என்று போட்டிருக்கிறது. ஜிம்மில் தூக்கும் 68 கிலோவுக்குச் சமமா?

இல்லவே இல்லை. இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். 10, 20, 30, 40, 50 என்று ஐந்து டியூப்பையும் கூட்டினால் 150. ஐந்தையும் ஒரே கைப்பிடியில் மாட்டி, நன்றாக இழுத்து நிறுத்தினால்தான் அதன் பக்கத்திலாவது போகும். இழுக்கத் தொடங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. இரும்பு கீழேயும் மேலேயும் ஒரே எடை. ரப்பர் இழுக்க இழுக்கத்தான் இறுகும். அரையடி முன்னால் நின்றால் ஒரு பாரம், பின்னால் நின்றால் இன்னொரு பாரம். அப்புறம் போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ரப்பரே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுகுக்கும் தோளுக்கும் அருமையான பொருள், ஊருக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளலாம். நிற்கும் இடத்தைத் தரையில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு தெரிந்த டியூப்பை அன்றே தூக்கிப் போடுங்கள். அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். பெட்டியில் போட்ட எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

72 கிலோ மல்டி ஜிம்மில் முழு எடையும் சுலபமாக இழுக்கிறேன். பலம் வந்துவிட்டதா?

கப்பியைப் பாருங்கள். நகரும் கப்பி வழியாகக் கேபிள் வந்தால் கைக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். இங்கேயும் அதே கதை, எண்ணை நம்பாதீர்கள்.

டயல் திருகி எடை மாற்றும் டம்பெல்?

இடம் மிச்சம். ஆனால் தட்டு கழன்று விழுவதாகப் புகார் வந்து, 2025-ல் அமெரிக்காவில் ஒரே பிராண்டில் சுமார் 38 லட்சம் டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒவ்வொரு முறையும் பூட்டு விழுந்ததா என்று பார்த்த பிறகே தலைக்கு மேல் தூக்குங்கள்.

நல்ல மெஷின் ஒன்று சொல்லுங்கள் சார்.

வயது, இடம், பட்ஜெட், மூட்டுவலி எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எழுதி அனுப்புங்கள்.

கதவு நிலையில் திருகி மாட்டும் புல்-அப் கம்பி தாங்குமா?

அது உராய்வை மட்டும் நம்பி நிற்கிறது. தொங்கினால் தாங்கலாம், ஆடினால் நழுவும். சொந்த வீடென்றால் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.