அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள், எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: மணவாளக்குறிச்சி பக்கம் வசிக்கிறேன். வயது 34, திருமணமாகி நான்கு ஆண்டுகள். நாகர்கோவிலில் இரண்டு முறை பரிசோதித்தும் விந்தில் ஓர் அணுகூட இல்லை. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். அளவு அதிகம். மரபணுப் பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள். பிறகெப்படி இது பரம்பரைக் கோளாறாகும்? எங்கள் கடற்கரை மணல் காரணமா? வீட்டில் மனைவியைத்தான் குறை சொல்கிறார்கள்.

பதில்: மரபணுக் கோளாறு என்றாலே அது அப்பாவிடமும் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய மரபணுக்கள் ஒய் குரோமோசோமில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளில் இருக்கின்றன. அப்பாவின் உடலில் விந்தணு உருவாகும்போதே இதில் ஒரு துண்டு விட்டுப்போகலாம். அந்த அணுவில் பிறந்த மகனுக்கு மீசை, தாடி, தாம்பத்தியம் எதிலும் குறை தெரியாது. அவருடைய அண்ணன் தம்பிகளுக்குப் பிள்ளைகள் இருக்கலாம்.

இன்னொரு காரணம் கிளைன்ஃபெல்டர் என்ற குரோமோசோம் கோளாறு. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். பலருக்கு இது தெரியவருவதே குழந்தையில்லை என்று வந்து பரிசோதிக்கும்போதுதான்.

மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதால் உங்கள் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம்தான். ஆனால் விந்தணு அடியோடு நின்றுபோக அதைவிடப் பல மடங்கு வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு போன்ற அளவு. மணல்மேல் பழியைப் போட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மரபணுப் பரிசோதனைக்குக் கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லையென்றால், விரையில் அறுவை செய்து தேடினாலும் அணு கிடைக்க அநேகமாக வாய்ப்பில்லை. முன்கூட்டியே தெரிந்தால் வீண் வலியும் பெரும் செலவும் மிச்சம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் கதை வேறு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் அறுவையில் அணு கிடைக்கிறது. அந்த அணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை மூலம் குழந்தை பெறலாம். ஆனால் பிறப்பது மகனென்றால் அவனுக்கும் இதே குறை வரும். அதை முன்பே மரபியல் ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். கிளைன்ஃபெல்டர் என்றாலும் சிலருக்கு அறுவையில் அணு கிடைப்பதுண்டு.

இதற்கிடையில் யார் சொன்னாலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடாதீர்கள். கொஞ்சநஞ்ச உற்பத்தி இருந்தாலும் அதை அது நிறுத்திவிடும்.

உங்கள் மனைவியைப் பற்றிய பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ரிப்போர்ட் உங்களுடையது. வீட்டாரிடம் அதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள், இன்றே.