மதுராந்தகம் வீடு: கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வருமா?

வாசகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். சாரம் இது: வேளச்சேரியில் வாடகை வீடு, வாரத்தில் 2 நாள்தான் அலுவலகம், அதனால் மதுராந்தகத்தில் ஒரு பழைய வீட்டை 48 லட்சத்துக்குப் பேசி 12 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். வங்கியில் 7, ரொக்கமாக 5, இரண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. கெடு 6 மாதம், அதில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி. இப்போது மனைவிக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு, புரோக்கர் சொன்ன அளவுக்கு ரயில் இல்லை, விற்கிற வீட்டுக்காரர் மரியாதையில்லாமல் பேசுகிறார், பணம் திரும்ப வருமா, போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

தண்ணீர், ரயில், மரியாதை மூன்றையும் விட்டுவிடுங்கள். செங்கல்பட்டைத் தாண்டினால் மின்சார ரயில் குறைந்துவிடும் என்பது ஜிஎஸ்டி சாலையில் நாலு தடவை போனவருக்கே தெரியும், அதைப் புரோக்கர் மறைத்தார் என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் கேட்காது. மனைவிக்குப் பிடிக்கவில்லை என்பதும் சட்டத்தில் காரணம் இல்லை. போலீசுக்குப் போனால் சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி, அதையும் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீடு விற்கிறவருடைய அப்பா பேரில் இருந்தது, அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், திண்டிவனத்தில் ஒரு அக்கா இருக்கிறார், அவர் கையெழுத்துப் போட வருவாரா என்று கேட்டதற்கு "அது எங்க குடும்ப விஷயம், பத்திரத்தன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்றாராம். இதுதான் உங்கள் வழக்கு, மற்றதெல்லாம் புலம்பல். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பட்டா தம்பி பேரில் இருப்பதோ, அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பியதோ அந்தப் பங்கை அழிக்காது. வில்லங்கச் சான்றில் (சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், முழு வீட்டையும் விற்க அவர் ஒருவரால் முடியாது.

விற்கிறவரால் முழு உரிமை தர முடியாவிட்டால் முன்பணம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். அதுவரை அந்த வீட்டில் அவருக்கு இருக்கிற உரிமை மீது உங்களுக்குப் பற்றுரிமையும், அதாவது அதிலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமையும், உண்டு, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55(6)(b) அதைத்தான் சொல்கிறது. ஆனால் நீங்களாகப் பின்வாங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி ஆட்கள் தோற்பது நீதிமன்றத்தில் இல்லை, வாட்ஸ்அப்பில். ராத்திரி பத்து மணிக்கு, வீட்டில் ஒரு சண்டை முடிந்த கையோடு, "சார் எங்களுக்கு உங்க வீடு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று தட்டிவிடுவார்கள், மறுநாள் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் நேராக அவர் வக்கீலிடம் போய்விடுவார். அதன் பிறகு அக்கா, வாரிசு, பங்கு என்று என்ன பேசினாலும், "வேண்டாம்னு சொன்னது யாரு, நீங்கதானே" என்ற ஒரே கேள்விக்கு முன்னால் நிற்காது. நீங்கள் ஏற்கெனவே அப்படி எழுதிவிட்டீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள் (அவர் போனில் இருக்கத்தான் போகிறது), என்னிடமோ வேறு வக்கீலிடமோ முதலில் காட்டுங்கள். எழுதவில்லையென்றால் இன்றிலிருந்து உங்கள் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு எதுவும் சொல்ல வேண்டாம்.

செய்ய வேண்டியது, கெடு முடிவதற்குள் ஒரு வக்கீல் நோட்டீஸ். வாரிசுச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் கொடு, அக்காவைப் பத்திரத்தில் சேர், இல்லையென்றால் அவரிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய், இத்தனை நாளுக்குள். அவ்வளவுதான், கோபமெல்லாம் வேண்டாம். அதே வாரத்தில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பியுங்கள். மீதி 36 லட்சத்தில் 30 வங்கிக் கடன் என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டு விண்ணப்பமே போடாமல் இருந்தால், "வீட்டை வாங்க உன்னிடம் பணம் எங்கே இருந்தது" என்று கேட்பார்கள், பதில் இருக்காது. விண்ணப்பித்தால் வங்கியின் வக்கீலே அக்கா கையெழுத்து எங்கே என்று எழுத்தில் கேட்பார், அந்தத் தாளை விடச் சிறந்த சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. "கெடு எல்லாம் சொத்து விஷயத்தில் பெரிசில்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பழைய காலம், விலை ஏறுகிற இந்தக் காலத்தில் அந்தக் கொள்கையை மறுபடி யோசிக்க வேண்டும் என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸைப் பார்த்து அவர் நிஜமாகவே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், நீங்கள் வீட்டை வாங்க வேண்டும், இல்லையென்றால் முன்பணத்தை இழக்க வேண்டும். நீங்கள் தவறினால் அட்வான்ஸ் போய்விடும் என்றுதான் உங்கள் ஒப்பந்தமும் சொல்கிறது. 48ல் 12 என்பது கால்வாசி, அவ்வளவையும் ஒருவர் விழுங்க முடியாது என்று வாதாட இடம் உண்டு, 1963ல் ஃபதேசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேரம் உறுதிக்குக் கொடுத்த 1,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டு, அதற்கு மேல் கொடுத்த 24,000த்தை எடுக்க விடவில்லை. ஆனால் அந்த வாதத்தை நீங்கள் சொல்லி முடிக்க வருடக்கணக்கில் ஆகும்.

வீட்டை எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட்டு மிரட்டலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். வேண்டாத வீட்டுக்கு அந்த வழக்கா? 48 லட்சத்துக்கு 3 சதவீதம், 1,44,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ், அப்புறம் கூண்டில் ஏறி வாங்கத் தயாராக இருந்தேன் என்று பொய் சொல்ல வேண்டும். பணம் மட்டும் கேட்டால் 36,000. எந்த வழக்காக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும்படி தனியாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்காததைக் கோர்ட் கொடுக்காது.

அந்த 5 லட்சம் ரொக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொத்துக்கு 20,000மோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். வழக்கில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாகச் சொன்னால் வருமான வரித்துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளுக்கு உத்தரவு போட்டது. அபராதம் அவருக்குத்தான், சரி, ஆனால் உங்களுக்கு 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்று உங்களையும் கேட்பார்கள். இரண்டு பேருக்குமே கோர்ட் வாசல் ஏற ஆசை இருக்கக் கூடாது.

அதனால் நோட்டீஸ் போன பிறகு சமரசம் பேசுங்கள். 10 லட்சத்தை ஒரே தடவையில் வங்கி மூலம் கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொண்டு ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், 2 லட்சத்துக்காக முறுக்கிக்கொள்ள வேண்டாம். "வேற பார்ட்டிக்கு வித்துட்டு தர்றேன்" என்றால் தொகையும் தேதியும் போட்டு எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதை நம்பி 3 வருடம் ஓடிவிட்டால் வழக்கே போட முடியாது. உங்கள் ஒப்பந்தம் பதிவாகாததால் வில்லங்கத்திலும் தெரியாது, புதிதாக வாங்குகிறவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். பின்தேதி காசோலை கொடுத்தால், பணம் கணக்கில் ஏறும் வரை அசல் ஒப்பந்தத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.