பிரெஞ்சு குடியுரிமை: வாடகை வீட்டுப் பழைய வரி பாக்கி

2021-ல வாடகைக்கு இருந்த வீட்டுக்கு 152 யூரோ வரி பாக்கி காட்டுது, பிரெஞ்சு குடியுரிமை மனுவை அனுப்பலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போ அனுப்பாதீங்க. முதல்ல அந்த 152 யூரோவைக் கட்டுங்க, பாக்கி இல்லைன்னு வரித்துறை தர்ற புது பே-237 (P237) சான்றிதழை வாங்கி மனுவோட சேர்த்துடுங்க. பாக்கியோட போனா, ஒத்திவைக்க அதையே காரணமாக் காட்டுவாங்க.

"வாடகைக்குத்தானே இருந்தேன், வீட்டு வரி ஓனர் பாடு"ன்னு எழுதியிருக்கீங்க. புதுச்சேரி முத்தியால்பேட்டையில அது சரி. பிரான்சுல ஓனருக்கு தாக்ஸ் ஃபோன்சியேர்னு சொத்து வரி தனி. தாக்ஸ் தபித்தாசியோன்ங்கிற குடியிருப்பு வரி, ஜனவரி 1 அன்னிக்குக் குடியிருந்தவர் தலையில. குடியிருக்கிற வீட்டுக்கு அது 2023-லதான் எல்லாருக்கும் ரத்தாச்சு. உங்களுது 2021.

தொகையைப் பார்த்தா டிவி கட்டணம் மாதிரி இருக்கு: 138, மேல 10 சதவீத அபராதம் 14. தபித்தாசியோன் விலக்கு இருந்தவங்களுக்கும் அதே தாள்லதான் வந்தது. 0-ன்னு கண்ணுல பட்டதும் மடிச்சு வெச்சவங்க ஏகப்பட்ட பேர்.

வரித்துறைத் தளத்துல உங்க கணக்குக்குள்ள போய் 2021 அவி-யை (வரி நோட்டீஸை) திறந்து, கடைசி லைன் வரைக்கும் பாருங்க. பணம் ஏறினதும் அங்கேயே மெசேஜ் போட்டு பே-237 கேளுங்க.

இது தீர்ந்தா மட்டும் குடியுரிமை உறுதின்னு இல்லை. புதுச்சேரி வீட்டு வாடகை உங்க பேர்ல வந்தா, அதையும் பிரான்சுல வருமானமாக் காட்டியிருக்கணும். அங்கே இடிச்சா 152 யூரோவோட முடியாது.