ஒரே நிழல்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். ஷேட், ஷேடோ இரண்டும் வருகின்றன. அகராதியில் இரண்டுக்குமே நிழல் என்றுதான் இருக்கிறது. என்ன வித்தியாசம்? தமிழின் சொல்வளம் இவ்வளவுதானா என்று சோர்வாக இருக்கிறது. நல்ல அகராதிச் செயலி இருந்தால் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

செயலி பற்றி எனக்குத் தெரியாது. வெயில் படாத இடம் ஷேட், போய் உட்காரலாம். ஒன்றின் உருவம் தரையில் கருப்பாக விழுந்தால் ஷேடோ. அதற்கு விளிம்பு உண்டு. மூன்று பேர் நின்றால் மூன்று ஷேடோ.

ஆனால் 'இவ்வளவுதானா' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே சொல். எழுவாயாக வந்தால் ஒரு வடிவம், வேற்றுமை ஏற்றால் இன்னொன்று. நாம் மரம், மரத்தை என்பதுபோல. பிறகுதான் இரண்டு சொல்லாகப் பிரிந்தன. பிரிந்த பிறகும் எல்லை கறாராக இல்லை. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், 91ஆம் சங்கீதத்தில் பக்தன் கடவுளின் ஷேடோவில் தங்குகிறான். 121இல் கடவுளே ஷேட். எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். தமிழ் வேதாகமத்தில் இரண்டும் நிழல்தான். படித்தவர் யாருக்குப் பொருள் குழம்பியது?

தமிழில் அந்த வேலையை வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது. நிழல் விழுந்தது, நீண்டது, கூடவே வந்தது என்றால் ஒன்று. நிழலில் ஒதுங்கினான், படுத்தான் என்றால் மற்றது. பெயர்ச்சொல்லுக்காக அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். வரி இடறினால் வினையை மாற்றிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், வினையை.

அம்மா கடலைக்காட்டில் களையெடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாள். வரப்போரம் ஒரே ஒரு வேம்பு. சாக்கை விரித்து அதன் நிழலில் படுக்கவைப்பாள். நிழல் நகர நகர, களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து சாக்கை இழுத்துப் போடுவாள். ஒருநாள் திரும்பி வரும்போது, மரமே இல்லாத வண்டிப்பாதையில் என் காலில் முள் ஏறிவிட்டது. அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா உடனே குனியவில்லை. வெயிலுக்கு முதுகு காட்டி, தன் நிழல் என் முகத்தில் விழும்படி நகர்ந்து நின்றுகொண்டு, அப்புறம்தான் ஊக்கால் முள்ளை நெம்பினாள். பக்கத்து மண்ணில் அவள் கொண்டை அப்படியே தெரிந்தது. மற்றபடி அவள் நிழலுக்குள் நான் இருந்தேன்.

அது ஷேடா, ஷேடோவா?

சரி, உங்கள் கதையில் அந்த இரண்டு சொல்லும் வருகிற வரிகளை மட்டும் அனுப்புங்கள். பார்க்கலாம்.