ஐரோப்பியக் காமிக்ஸ்: விலையைப் பார்க்கும் முன் செ.மீ. பாருங்கள்

கேள்வி: பதினொரு வயது மகளுக்கு டின்டின் என்ற இளம் நிருபரின் காமிக்ஸ் வரிசையை ஆங்கிலத்தில் வாங்க எண்ணியிருக்கிறேன். மூன்று கதைகளை ஒன்றாகக் கட்டிய கெட்டி அட்டைத் தொகுப்பு, தனித்தனிப் புத்தகங்களைவிடக் கதைக்குக் கதை மலிவாக இருக்கிறது. அதையே வாங்கலாமா? நானும் படிப்பேன், எனக்கு வயது 52. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ஒரு ஏ4 தாளை எடுத்து முன்னால் வையுங்கள். தனிப் புத்தகமாக வரும் டின்டின் ஏறத்தாழ அந்த அளவுதான்: சுமார் 22 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். இப்போது அந்தத் தாளைக் குறுக்கே இரண்டாக மடியுங்கள். மூன்று கதைத் தொகுப்பின் பக்கம் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சுமார் 16 செ.மீ.க்கு 22 செ.மீ. ஒரு சொல்கூட வெட்டப்படவில்லை, ஒரு படமும் விடுபடவில்லை. ஆனால் பக்கத்தின் பரப்பில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

நாவலாக இருந்தால் இதனால் இழப்பில்லை. காமிக்ஸில் பக்கம்தான் அலகு. டின்டினை எழுதி வரைந்த எர்ஜே, 1929இல் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் அதைத் தொடங்கியதிலிருந்து தொடராகவே கதை சொல்லிப் பழகியவர். அதனால் பக்கத்தின் கடைசிப் படக் கட்டத்தில் யாராவது திடுக்கிட்டுத் திரும்புவார், அல்லது ஒரு கதவு திறக்கும். என்ன நேர்ந்தது என்பதைத் தாளைப் புரட்டித்தான் அறிய முடியும். ஒரு பக்கத்தில் பெரும்பாலும் நான்கு வரிசைக் கட்டங்கள். கூட்டம் நிறைந்த ஒரு கடைவீதிக் கட்டத்தில், பின்னால் நிற்கும் வணிகரின் முகத்திலும் தனி உணர்ச்சி இருக்கும். கோட்டின் தடிப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவுதான் எர்ஜேயின் கலை. பாதி அளவில் பின்னணி முகங்கள் புள்ளிகளாகிவிடும். பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்து, வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிபவராக இருந்தால் உங்களைக் களைப்படையச் செய்யும்.

ஆகவே, தொகுப்பின் விலையில் தனிப் புத்தகங்கள் இரண்டு கிடைத்தால், இரண்டையே வாங்குங்கள். ‘தி சீக்ரெட் ஆஃப் தி யூனிகார்ன்’, அதன் தொடர்ச்சியான ‘ரெட் ராக்கம்ஸ் ட்ரெஷர்’ ஆகிய இரண்டும் தொடங்குவதற்கு ஏற்ற இணை என்பது என் கருத்து. பயணத்தில் பைக்குள் வைத்துப் படிக்கத்தான் வேண்டும் என்றால் மட்டும் சிறிய தொகுப்பு பொருந்தும். இணையக் கடைகளில் பொருள் விவரத்தின் அடியில் நீள அகலம் கொடுத்திருப்பார்கள். அட்டைப் படத்தைப் பார்க்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

கேள்வி: பிரெஞ்சு மூலத்தை ஆங்கிலத்தில் படிப்பது இரண்டாந்தர அனுபவம் என்கிறார் நண்பர். ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சு நகைச்சுவைக் காமிக்ஸின் ஆங்கிலப் பதிப்புக்குப் பணம் செலவிடுவது தகுமா? (மதுரை வாசகர்)

பதில்: நிச்சயமாகத் தகும். ஆந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரும் 1969 முதல் தந்த ஆங்கில ஆஸ்டெரிக்ஸ், மொழிபெயர்ப்புக் கலையில் ஒரு சாதனை என்றே நான் கருதுகிறேன். கதையில் வரும் குட்டி நாயின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அது ‘இதேஃபிக்ஸ்’: மனத்தில் பதிந்து விலகாத எண்ணத்தைக் குறிக்கும் தொடரிலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்தில் ‘டாக்மேட்டிக்ஸ்’: கொண்ட கொள்கையில் பிடிவாதமாக நிற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, போதாக்குறைக்கு அதன் முதல் அசையிலேயே நாய்க்கான ஆங்கிலச் சொல்லும் அமர்ந்திருக்கிறது. மூலத்தில் இல்லாத ஒரு சிலேடை கூடுதலாகக் கிடைத்துவிட்டது. இதையெல்லாம் பிரெஞ்சு வாக்கியத்துக்கென வரையப்பட்ட குமிழிக்குள், முகபாவத்துக்குப் பொருந்துமாறு அடக்கியாக வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பேப்பர்கட்ஸ் நிறுவனம் 2020 முதல் வெளியிடும் ஆஸ்டெரிக்ஸ், ஜோ ஜான்சன் புதிதாகச் செய்த மொழிபெயர்ப்பு. பெல், ஹாக்ரிட்ஜ் இருவரின் பிரிட்டிஷ் பதிப்பில் உள்ள நகைச்சுவையை எதிர்பார்த்து அதை வாங்கினால் ஏமாற்றமடைவீர்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை உள்பக்கத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: சிவகாசியின் லயன்–முத்து காமிக்ஸ் வழியாகத் தோர்கல், லார்கோ விஞ்ச், கேப்டன் டைகர் ஆகிய காமிக்ஸ் நாயகர்களை அறிந்தவன் நான். இவற்றை ஆங்கிலத்தில் வாங்க முயன்றால் பாக எண்கள் குழப்புகின்றன. எந்த வரிசையில் வாங்குவது? (விருதுநகர் வாசகர்)

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் சினிபுக் நிறுவனம் தோர்கலை 2007இல் தொடங்கியபோது, மூல வரிசையின் 7ஆம், 14ஆம் ஆல்பங்களை (மூலத்தில் தனித்தனியாக வந்த புத்தகங்களை)ச் சேர்த்து முதல் பாகமாக வெளியிட்டது. அவை இரண்டும் நாயகனின் இளமையைச் சொல்பவை என்பதே அதற்குக் காரணம். மூல வரிசையின் தொடக்கக் கதைகள் பின்னர் ‘பாகம் 0’ என்ற எண்ணுடன் வந்தன. எனவே தோர்கலை வரைந்த ரோசின்ஸ்கியின் கை எப்படி முதிர்ந்தது என்று பார்க்க விரும்பினால் 0இலிருந்து தொடங்குங்கள். கதைக்காக மட்டும் என்றால் 1 போதும். லார்கோ விஞ்ச்சில் சினிபுக்கின் தொடக்கப் பாகங்கள் ஒவ்வொன்றும் இரண்டு ஆல்பங்களைக் கொண்டவை, பிந்தியவை ஒவ்வொன்றும் ஒரே ஆல்பம். ஆகவே விலைகளை ஒப்பிடும்போது பக்க எண்ணிக்கையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இந்த நிறுவனத்தின் பல புத்தகங்கள் சுமார் 18 செ.மீ.க்கு 26 செ.மீ. அளவுதான், அதாவது மூல ஆல்பத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு. சில பாகங்களில் ஆடையற்ற உருவங்களுக்கு ஆடை வரைந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கேப்டன் டைகர் என்று நாம் அழைக்கும் புளூபெர்ரிக்கு வருவோம். 1989ஐ ஒட்டி ஆங்கிலத்தில் வந்த பதிப்புகளின் பழைய பிரதிகளைத் தேடி, சேகரிப்பாளர்கள் கேட்கும் விலையைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய தங்கப் புதையல் கதைச் சுற்று ‘மின்னும் மரணம்’ என்ற பெயரில் 2015இல் தமிழிலேயே வண்ணத் தொகுப்பாக வந்தது. அதை வரைந்த ஜிரோவின் பாலைவனங்களைக் காண ஆங்கிலம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை. அந்தத் தொகுப்பு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: ஹ்யூகோ பிராட் எழுதி வரைந்த ‘கார்ட்டோ மால்டீஸ்’ காமிக்ஸின் பதிப்புகள் வண்ணத்தில் ஒன்றும் கறுப்பு–வெள்ளையில் ஒன்றும் இருக்கின்றன. வண்ணம்தானே மேல்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இல்லை. 1967இல் முதல் கதை கறுப்பு மையில்தான் வெளிவந்தது. கடலும் வானும் அங்கே வெறும் வெள்ளைத் தாளும் நான்கைந்து தூரிகை வீச்சுகளுமாக நிற்பதுதான் பிராட்டின் அழகு. 2012இல் ஆங்கிலத்தில் வந்த ஒரு வண்ணப் பதிப்பு, பக்க அளவுக்காகக் கட்டங்களை வெட்டி மாற்றி அடுக்கியதால் வாசகர்களின் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. ஐடிடபிள்யூ நிறுவனம் 2014 முதல் 12 பாகங்களாகத் தந்த கறுப்பு–வெள்ளைப் பதிப்பையே தேடுங்கள்.

கேள்வி: ‘இறக்குமதிப் பதிப்பு’ என்று நம்பி இணையத்தில் வாங்கிய தொகுப்பு மங்கலாக அச்சாகியிருக்கிறது. புத்தகத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, குமிழிக்குள் இருக்கும் கறுப்பு எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒழுங்கான அச்சில் அது கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஏற்கெனவே அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து அச்சிட்ட பிரதியில் அதே விளிம்பு பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அப்படி இருந்தால் அது திருட்டுப் பதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் இறக்குமதியாளர் பெயர், தயாரிப்பு நாடு ஆகியவை இருந்தனவா என்று பார்த்து அந்தத் திரையையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமை கிடையாது. ‘திரும்பப் பெறுவதில்லை’ என்று அவர் எழுதி வைத்திருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதுவரை அந்தப் புத்தகத்தையும் அது வந்த உறையையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.